வழியில் பஞ்சர், பையில் பொருந்தாத டியூப்: மிதிவண்டியில் வேலைக்குப் போவோர் கேட்கும் கேள்விகள்

மிதிவண்டியில் அலுவலகம் போகிறவர்கள் பலர் பையில் ஒரு மாற்று டியூப் வைத்திருக்கிறார்கள். அது தங்கள் சக்கரத்துக்குப் பொருந்துமா என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. பஞ்சர் ஆன இடத்தில்தான் உண்மை தெரிகிறது. அளவு வேறாக இருக்கிறது. அல்லது வால்வு ரிம்மின் துளைக்குள் நுழைய மறுக்கிறது. அல்லது நுழைந்த வால்வில் பம்பின் வாய் உட்காரவில்லை. சென்னையில் பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி நின்றுகொண்டு, காலை எட்டரை மணிக்கு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. சுற்றிலும் நீரும் கோரையும் பறவைகளும் இருக்கும். ரசிக்கும் மனநிலைதான் இருக்காது.

அப்படி மாட்டிக்கொண்டவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை. நகரச் சாலையில் ஓட்டும் சாதாரண வண்டிகளையும் கியர் வண்டிகளையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

டயர் இறங்கிவிட்டது, பையிலிருக்கும் டியூப் பொருந்தவில்லை. முதலில் என்ன செய்வது?

சாலையை விட்டு இறங்குங்கள். நிழல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையோரக் கோட்டில் உட்கார வேண்டாம்.

அடுத்து, இது பஞ்சர்தானா என்று பாருங்கள். கொஞ்சம் காற்றடித்து, வால்வின் வாயில் கொஞ்சம் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் ஓட்டை டியூபில் இல்லை, வால்வில் இருக்கிறது. பழைய பாணி வண்டியென்றால் உள்ளே இருக்கும் வால்டியூப், அதாவது அந்தச் சிறிய ரப்பர் குழாய், நைந்திருக்கும். அதை மாற்றினால் வேலை முடிந்தது. கார் வால்வென்றால் உள்ளிருக்கும் ஊசி தளர்ந்திருக்கலாம்; இறுக்கினால் போதும்.

பஞ்சர்தான் என்று உறுதியானால், பொருந்தாத புது டியூபை மறந்துவிட்டுச் சக்கரத்துக்குள் இருக்கும் பழைய டியூபைப் பாருங்கள். அதன் அளவு சரி, வால்வு சரி, துளை சரி. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது என்பதைத் தவிர வேறு குறை கிடையாது. பதற்றத்தில் எல்லோரும் புது டியூபை எப்படியாவது திணிக்கப் பார்க்கிறார்கள். பழையதை ஒட்டும் யோசனையே வருவதில்லை. டியூப் குறிப்பிட்ட அளவுச் சக்கரத்துக்குத்தான் பொருந்தும். ஒட்டுத் துண்டும் சொல்யூஷனும் எந்த டியூபுக்கும் பொருந்தும். இரண்டில் ஒன்றைத்தான் பையில் வைக்க முடியும் என்றால் ஒட்டுச் சாமானைத்தான் வைக்கச் சொல்வேன்.

ஒட்டுச் சாமானும் இல்லையா? அளவு மாறிய டியூப் தற்காலிகமாக உதவுமா என்று பாருங்கள் (அடுத்த கேள்வி). அதுவும் முடியாவிட்டால் அருகிலுள்ள பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். அதற்கும் வழியில்லை என்றால் வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றுங்கள்.

அளவு மாறிய டியூபைப் போட்டு வீடு வரை ஓட்டலாமா?

பல நேரங்களில் ஓட்டலாம். டியூப் ரப்பர், நீளும். டயரும் ரிம்மும்தான் மில்லிமீட்டர் கணக்கில் பொருந்த வேண்டியவை. ஆனால் நீட்டுவது எளிது, சுருக்குவது கடினம். இதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

சிறிய டியூபைப் பெரிய சக்கரத்தில் போடலாம். 26 அங்குல மலை வண்டியின் டியூபை 700சி சக்கரத்தில் (சாலை வண்டிகளில் வரும் பெரிய சக்கரம்) இழுத்து மாட்டினால் சுற்றளவில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூடுதலாக நீள வேண்டியிருக்கும். டியூப் அதைத் தாங்கும். மாட்டும்போது அது இறுக்கமாக ரிம்மை ஒட்டி நிற்கும். லேசாகக் காற்றடித்து வடிவம் வந்த பிறகு டயருக்குள் தள்ளுங்கள். 27.5 அங்குல டியூப் 29 அங்குலச் சக்கரத்துக்கு இன்னும் எளிதாகப் போகும்.

பெரிய டியூபைச் சிறிய சக்கரத்தில் போடுவது சங்கடம். மிஞ்சும் நீளம் எங்காவது மடியும். மடிந்த இடம் உரசி அறுபடும், சக்கரம் சுற்றும்போது அந்த இடத்தில் துள்ளும். வேறு வழியே இல்லாதபோது, மடிப்பை ஒரே இடத்தில் சேர விடாமல் சுற்றிலும் பரப்பிவிட்டு, மெதுவாக ஓட்டி அருகிலுள்ள கடை வரை போகலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

அகலத்திலும் இதே கதைதான். ஒல்லியான டியூபைப் பருத்த டயருக்குள் போட்டால் அது உப்பி, மெலிந்து, இடத்தை நிரப்பிவிடும். மெலிந்துவிட்டதால் சிறு முள்ளுக்கும் தோற்கும். காற்றும் சீக்கிரம் குறையும். பருத்த டியூபை ஒல்லியான டயருக்குள் திணிக்கப் போனால் டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் சிக்கி, காற்றடித்த சில நொடிகளில் வெடிக்கும்.

நம் ஊரில் அதிகம் பயன்படக்கூடிய ஒரு செய்தி உண்டு. சாலையோரக் கடைகளில் எளிதில் கிடைக்கும் 28 x 1½ டியூப், பால்காரர் வண்டிக்கும் தபால்காரர் வண்டிக்கும் போடுகிற அதே டியூப், 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள 700சி டயருக்குள் நன்றாகவே உட்காரும். அந்த வண்டிகளின் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். 700சி ரிம்முக்கு 622. சுற்றளவில் வித்தியாசம் நான்கு சென்டிமீட்டர்தான். இது மேலே சொன்ன விதிக்கு மன்னிக்கக்கூடிய விலக்கு. கடைக்காரர் "இந்த வண்டிக்கு டியூப் கிடையாது" என்று கைவிரித்தால், 28 அங்குல டியூப் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். தடையாக வரக்கூடியது வால்வு மட்டுமே.

அப்படியானால் வால்வில் எத்தனை வகை? என்னுடையது எது?

நீங்கள் பார்க்கக்கூடியவை மூன்று.

முதலாவது கார், மோட்டார் சைக்கிளில் இருப்பது: ஷ்ரேடர். தடித்த, ரப்பர் போர்த்திய தண்டு. நடுவில் அழுத்தினால் இறங்கும் ஊசி. பெட்ரோல் பங்கில் நேரடியாகக் காற்றடிக்கலாம். மலை வண்டிகளிலும் பெரும்பாலான குறைந்த விலைக் கியர் வண்டிகளிலும் இதுதான்.

இரண்டாவது பிரெஸ்டா. பென்சிலை விட ஒல்லியான உலோகத் தண்டு. நுனியில் ஒரு குட்டித் திருகு. அதைத் தளர்த்தி, ஒருமுறை அழுத்திக் காற்றை உஸ்ஸென்று விட்ட பிறகே பம்பை மாட்ட வேண்டும். விலை கூடிய சாலை வண்டிகளிலும், சாலை வண்டிக்கும் மலை வண்டிக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் வண்டிகளிலும் இருக்கும்.

மூன்றாவது டன்லப் வால்வு, நம் பழைய வண்டிகளின் வால்வு. தலையில் ஒரு வளைய நட்டு, உள்ளே வால்டியூப் செருகிய பித்தளைக் குச்சி.

பொருத்தத்தை முடிவு செய்வது ரிம்மின் துளை. பிரெஸ்டாவுக்குத் துளை சுமார் 6.5 மில்லிமீட்டர், ஷ்ரேடருக்குச் சுமார் 8.5. டன்லப் வால்வு பெரிய துளைக்குள் போய்விடும். ஆக, ஷ்ரேடருக்காகத் துளையிட்ட ரிம்மில் மூன்றும் நுழையும். பிரெஸ்டா மட்டும் கொஞ்சம் ஆடும், அதற்கு ஒரு சிறிய ரப்பர் வளையம் போட்டால் போதும். பிரெஸ்டாவுக்கான ரிம்மில் பிரெஸ்டாவைத் தவிர எதுவும் நுழையாது. வழியில் நிற்பவர்களில் பெரும்பாலோரை மாட்டிவிடுவது இந்த இரண்டு மில்லிமீட்டர்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நீளம். ரிம் உயரமாக, ஆழமாக இருந்தால் குட்டை வால்வு உள்ளேயே ஒளிந்துகொள்ளும். பம்ப் பிடிப்பதற்கு வெளியே தண்டு மிஞ்சாது. பிரெஸ்டா டியூபின் அட்டையில் 40, 48, 60, 80 என்று வால்வின் நீளம் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். பழைய டியூபின் வால்வை அளந்து பார்த்து, அதற்குக் குறையாமல் வாங்குங்கள்.

துளையைப் பெரிதாக்கிவிடலாமா?

சாலையோரத்தில் கூடாது. பட்டறையில், அகலமான அலுமினிய ரிம்மில், டிரில் போட்டுப் பிசிறு தேய்த்துச் செய்யலாம்; செய்தும் இருக்கிறார்கள். ஒல்லியான ரிம்மில் அந்த இடம் பலவீனமாகிவிடும். 6.5-இலேயே விட்டுவிட்டு, சரியான டியூப் ஒன்று வாங்குவது மலிவு.

டயரில் எத்தனையோ எண்கள் இருக்கின்றன. எதைப் பார்த்து டியூப் வாங்குவது?

அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 37-622 என்பது போல நடுவே கோடு போட்ட ஓர் எண் ஜோடி புடைத்திருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர். இதில் ஏமாற்று வேலை இல்லை.

அங்குலப் பெயர்களோ பரம்பரைக் குழப்பம். '26 அங்குலம்' என்ற பெயரில் மலை வண்டி டயர் 559 மில்லிமீட்டர். 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதியது 590. இரண்டும் 26தான், ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. '20 அங்குல' மடிப்பு வண்டிகளில் 406 உண்டு, 451-உம் உண்டு. 29 அங்குலமும் 700சி-யும் பெயரில் வேறு, விட்டத்தில் ஒரே 622. தசமத்தில் எழுதிய 26 x 1.75-ஐயும் பின்னத்தில் எழுதிய 26 x 1¾-ஐயும் கணக்கு வாத்தியார் ஒன்று என்பார், டயர் ஒப்புக்கொள்ளாது.

டியூபின் அட்டைப் பெட்டியில் 28/47-622 என்பது போல ஒரு வரம்பு இருக்கும். 28 முதல் 47 வரை அகலமுள்ள 622 டயருக்கு இது ஆகும் என்று பொருள். உங்கள் டயரின் அகலம் அந்த வரம்பின் நடுவில் விழுந்தால் நல்லது. கடைக்குப் போகும்போது டயரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "கியர் சைக்கிள் டியூப் ஒன்று" என்று கேட்டால் கையில் எது இருக்கிறதோ அதைத்தான் தருவார்கள்.

பொருந்தாத டியூபைக் காசு கொடுத்து வாங்குவார்களா? இது எப்படி நேர்கிறது?

வாங்கும்போது அது பொருந்தத்தான் செய்தது. வண்டிதான் மாறிவிட்டது. பழைய 26 அங்குல வண்டியை விற்றுவிட்டு ஹைப்ரிட் வாங்குகிறார்கள். இருக்கைக்குக் கீழே தொங்கிய பையை அப்படியே கழற்றிப் புது வண்டியில் மாட்டுகிறார்கள். பையைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கணவன் மனைவி இருவரும் ஓட்டும் வீடுகளில் பை இடம் மாறிப் போகும். முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு அளவாக இருக்கும் வண்டிகளும் உண்டு. சிலருடைய டியூப் சரியாகவே இருக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் பையில் ஸ்பேனரோடு உரசி, விரிக்கும்போதே ஓட்டையாக இருக்கும். டியூபை ஒரு பழைய காலுறைக்குள் போட்டு வைத்தால் இது நேராது. வேலை முடிந்ததும் கை துடைக்கவும் அந்தக் காலுறை ஆகும்.

சக்கரத்தைக் கழற்றாமல் பஞ்சர் ஒட்ட முடியுமா?

முடியும். நம் தெருக்கடைக்காரர்கள் அப்படித்தான் ஒட்டுகிறார்கள். வண்டியைப் படுக்கவோ கவிழ்க்கவோ வைத்து, டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து வெளியே எடுத்து, டியூபை வால்வு இருக்கும் இடத்தில் மட்டும் விட்டுவைத்து மற்றதை உருவுவார்கள். செயினையோ கியரையோ தொடுவதே இல்லை. பின் சக்கரத்தை நட்டு போட்டு இறுக்கிய வண்டிகளுக்கு இது பெரிய வரம். அந்த நட்டுக்கு வழக்கமாக 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும். பையில் வைத்திருக்கும் குட்டிச் சாவிக் கொத்துகளில் அந்த அளவு பெரும்பாலும் இருக்காது. சக்கரத்திலேயே மோட்டார் உள்ள மின் மிதிவண்டிக்கு இதை விட்டால் வழியில்லை என்றே சொல்லலாம். அதில் சக்கரத்தைக் கழற்றுவது ஒயரையும் சேர்த்துக் கழற்றும் வேலை.

முறை இது. மீதமிருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். டயரைச் சுற்றிலும் இரு கட்டைவிரலாலும் அமுக்கி, விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். அங்கே விட்டம் குறைவு, டயர் தளரும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் லிவரைக் கொடுத்து நெம்புங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம். ஓர் ஓட்டையை அடைக்கப் போய் இரண்டாவது ஓட்டை போடுவதில் அதற்கு நிகரில்லை.

ஓட்டையைக் கண்டுபிடித்ததும் சுற்றிப் பேனாவால் குறியிடுங்கள். உப்புத்தாளால் அந்த இடத்தின் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். வார்ப்புக் கோடு குறுக்கே ஓடினால் அது மட்டமாகும்வரை தேய்க்க வேண்டும். ஒட்டுத் துண்டை விடப் பெரிய வட்டமாகச் சொல்யூஷனை மெல்லியதாகப் பூசுங்கள். இப்போது காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகட்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் ஒட்டு பிரியக் காரணம். சொல்யூஷன் பசை போல ஒட்டுவதில்லை. அதிலுள்ள கரைப்பான் பறந்தபிறகே ரப்பரோடு ரப்பர் பிணையும். விரல் பட்டால் ஈரம் தெரியக்கூடாது. வாயால் ஊதிக் காயவைக்காதீர்கள், மூச்சில் ஈரம் இருக்கிறது. பிறகு துண்டை வைத்து, பலங்கொண்ட மட்டும் அழுத்துங்கள். மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டியதில்லை. உரித்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

டியூபைத் திரும்பப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவுங்கள். விரலால் தடவினால் முள்ளோ கண்ணாடியோ விரலைக் கிழிக்கும். உள்ளே குத்தியது இன்னும் அங்கேயே இருந்தால் நீங்கள் செய்த வேலையெல்லாம் ஒரு கிலோமீட்டருக்குத்தான். டயரை மாட்டும்போது வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். கடைசியில் வால்வை உள்ளே தள்ளி வெளியே இழுத்தால், விளிம்பில் சிக்கிய டியூப் விடுபடும்.

ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியும் இல்லை.

டியூபில் அதன் அளவுக்கு இரண்டு மடங்கு பருக்கும்வரை காற்றடித்து, கன்னத்துக்கு அருகில் மெதுவாகச் சுற்றுங்கள். கையை விடக் கன்னத்துக்கும் உதட்டுக்கும் காற்று நன்றாகத் தெரியும். வாகன இரைச்சலில் காதை நம்ப முடியாது. குடிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்துச் சந்தேகமான இடத்தில் தடவினாலும் குமிழி காட்டும்.

சொல்யூஷன் குழாயைத் திறந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது.

ஒருமுறை திறந்த குழாய் நம் வெயிலில் நீண்ட நாள் தாங்காது. திறக்காத சின்னக் குழாய் இரண்டு வைத்திருப்பது நல்லது. சொல்யூஷன் இல்லாமலே ஒட்டும் துண்டுகள் கிடைக்கின்றன. வீடு போய்ச் சேர அவை போதும், பிறகு முறையாக ஒட்டிக்கொள்ளலாம். இரண்டும் இல்லாமல் நிற்கிறீர்கள் என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும், மோட்டார் சைக்கிள் கடையானாலும், சொல்யூஷன் இருக்கும்.

ஒட்டினேன், மறுபடி இறங்கிவிட்டது. ஏன்?

ஓட்டை டியூபின் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதே விடை சொல்லும்.

வெளிவட்டத்தில், சாலையைத் தொடும் பக்கம் என்றால் முள், கண்ணாடி, கம்பி. தமிழ்நாட்டில் முதல் சந்தேகம் சீமைக் கருவேல முள் மீதுதான். அது டயருக்குள் ஏறியதும் வெளியே மட்டமாக முறிந்துவிடும், உள்பக்கம் மட்டும் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். மண் ஓரங்களில் நெருஞ்சி. அகல நெடுஞ்சாலைகளில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய எஃகுக் கம்பிகள். முடி அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, சாமணம் இல்லாமல் எடுக்கவும் வராது.

உள்வட்டத்தில், ஸ்போக்ஸ் பக்கம் என்றால் முள்ளைத் தேட வேண்டாம். ரிம்முக்குள் ஸ்போக்ஸ் துளைகளை மூடியிருக்கும் பட்டையான ரிம் டேப் விலகி, துளையின் விளிம்பு டியூபை அறுத்திருக்கிறது. டேப்பை நேராக்காமல் எத்தனை டியூப் போட்டாலும் அதே இடத்தில் போகும்.

பக்கம் பக்கமாக இரண்டு கீறல், பாம்பு கடித்தது போல, இருந்தால் காற்று குறைவாக வைத்து வேகத்தடையிலோ குழியிலோ இறக்கியிருக்கிறீர்கள். இரண்டையும் மூடும் ஒரு பெரிய துண்டு ஒட்டுங்கள். பிறகு காற்றைக் கூட்டி வையுங்கள்.

வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டுவது வீண். அந்த டியூப் முடிந்தது.

டயரை மாட்டும்போது அதிலுள்ள நிறுவனப் பெயர் எப்போதும் வால்வுக்கு நேரே வரும்படி வைக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தால், டயரில் எந்த இடத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

டயரே கிழிந்திருக்கிறது. டியூப் வெளியே பிதுங்குகிறது.

உள்ளே முட்டுக் கொடுங்கள். பழைய டியூபின் ஒரு துண்டு, பழச்சாறு அட்டைப் பெட்டியின் துண்டு, தடித்த பிளாஸ்டிக் உறை என எது கிடைத்தாலும் மடித்து, கிழிசலுக்கும் டியூபுக்கும் நடுவே வைத்துக் குறைந்த காற்றில் ஓட்டுங்கள். பத்து ரூபாய்த் தாளை மடித்து வைத்தவர்களும் உண்டு. அவசரத்தில் அதுவும் நடக்கும்.

பம்ப் இருக்கிறது, காற்று ஏறவில்லை.

பிரெஸ்டா என்றால் நுனித் திருகைத் தளர்த்தினீர்களா? பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும். அடுத்து, பம்பின் தலையைத் திறந்து பாருங்கள். பல கைப்பம்புகளில் உள்ளிருக்கும் ரப்பரையும் பிளாஸ்டிக் துண்டையும் திருப்பிப் போட்டால் ஒரு பக்கம் ஷ்ரேடர், மறுபக்கம் பிரெஸ்டா. வாங்கிய நாளில் எந்தப் பக்கம் இருந்ததோ அப்படியே விட்டிருப்பீர்கள்.

பிரெஸ்டா வால்வின் மேல் திருகும் பித்தளை அடாப்டர் ஒன்று இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவுதான், விலையும் சொற்பம். அது இருந்தால் பெட்ரோல் பங்க், கார் பம்ப், பஞ்சர் கடை என எல்லா இடத்திலும் காற்று பிடிக்கலாம். அதை வாங்கி வீட்டு மேசையில் வைக்காதீர்கள். வால்விலேயே மாட்டி வையுங்கள்.

பங்க் காற்றில் ஒரு எச்சரிக்கை. அந்த இயந்திரம் கார் டயருக்கானது. அதன் வேகத்துக்கு நம் டியூப் மிகச் சிறியது. விட்டு விட்டு, ஒவ்வொரு நொடியாக அடிக்கச் சொல்லி, இடையில் அமுக்கிப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் டயருக்கு 80 முதல் 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை வேண்டியிருக்கும், 38 மில்லிமீட்டர் அகலத்துக்கு 50 – 60 போதும். உச்ச வரம்பு டயரிலேயே எழுதியிருக்கும். குட்டிக் கைப்பம்பில் 100 ஏற்றுவது வியர்வை வேலை. வீடு போய்ச் சேர 60 வந்தாலும் மெதுவாக ஓட்டலாம், குழிகளில் மட்டும் இருக்கையை விட்டு எழுந்துகொள்ளுங்கள்.

பஞ்சர் கடைக்காரருக்குக் கியர் வண்டியைப் பற்றித் தெரியுமா?

ஒட்டுவதில் அவரை விடக் கைதேர்ந்தவர் யாரும் இல்லை. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஆலை வைத்து ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்த காலத்திலிருந்து, தெருமுனைக் கடைகள் பழகிய உலகம் 28 அங்குல டயரும் டன்லப் வால்வும். அவரிடம் இல்லாதது உங்கள் அளவு டியூபும் பிரெஸ்டாவுக்கான பம்ப் வாயும்தான். ஒட்டும் வேலையை அவரிடம் கொடுங்கள். அடாப்டரை நீங்கள் கொடுங்கள். பிரெஸ்டாவின் நுனித் திருகு மெல்லியது, வளையும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அண்ணே, இந்த வால்வு கொஞ்சம் நோஞ்சான், நானே திறந்து தருகிறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒல்லி டயரை இரும்பு லிவரால் நெம்பப் போனால், உங்கள் பிளாஸ்டிக் லிவரை நீட்டுங்கள்.

பழைய டியூபை வெட்டி ஒட்டும் அவருடைய துண்டு, கடையில் வாங்கும் வண்ண அட்டைத் துண்டுக்குச் சளைத்ததல்ல.

ஒட்டவும் வழியில்லை, கடையும் இல்லை. காற்றில்லாமல் ஓட்டிவிடலாமா?

கூடாது. டியூப் நைந்து, டயர் விளிம்பு அறுந்து, ரிம் நெளியும். முன் சக்கரமென்றால் திருப்பத்தில் டயர் கழன்று கீழே தள்ளும். தள்ளிக்கொண்டு நடப்பதே மேல்.

டியூபில் ஓட்டை உள்ள இடத்தை மடித்து இறுக்கி முடிச்சுப் போட்டு, மீதியில் காற்றடிக்கும் ஒரு பழைய தந்திரம் உண்டு. முடிச்சு விழுந்த இடத்தில் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் குதிக்கும். குறைந்த காற்றில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகலாம். டயருக்குள் புல்லையோ துணியையோ அடைத்து ஓட்டுவதும் சொல்லப்படுகிறது. அதற்கு ஆகும் நேரத்தில் பெரும்பாலான இடங்களில் நடந்தே கடையை அடைந்துவிடலாம்.

ஏற்றிச் செல்வதாக இருந்தால், முன் சக்கரம் கழன்றுவிடும் வண்டி ஆட்டோவின் பின் இருக்கையில் அடங்கும், ஓட்டுநர் சம்மதித்தால். சரக்கு ஏற்றும் குட்டியானை கிடைத்தால் கேள்வியே இல்லை. அலுவலக நேரம் நெருக்குகிறது என்றால், பங்கிலோ காவலாளி இருக்கும் கட்டடத்திலோ கேட்டுப் பூட்டி வைத்துவிட்டு பஸ் ஏறுங்கள். மாலையில் சரியான டியூபோடு திரும்பி வரலாம். பையையும் விளக்கையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் பஞ்சர் அதிகமாகிறதா?

ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருக் குப்பையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து சாலையின் இடது ஓரத்தில் சேர்கிறது. நாம் ஓட்டுவதும் அங்கேதான். ஈரத்தில் கண்ணாடித் துண்டு ரப்பருக்குள் எளிதாக இறங்கும். மழையில் ஒட்டவும் முடியாது, ஈர டியூபில் சொல்யூஷன் பிடிக்காது. அந்த இரண்டு மாதங்களுக்காகவாவது சரியான அளவில் ஒரு முழு டியூப் வைத்திருங்கள்.

பஞ்சரே ஆகாத டயர், டியூப்லெஸ், உள்ளே ஊற்றும் திரவம் எல்லாம் எப்படி?

முள் இறங்காதபடி உள்ளே தடித்த அடுக்கு வைத்த டயர் உண்மையிலேயே பலன் தரும். எடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். காற்றே இல்லாத திட ரப்பர் டயரில் நம் சாலைக் குழிகளைத் தாங்க முதுகு வேண்டும். டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் சிறு முள் ஓட்டைகளை அடைக்கும், ஆனால் வெப்பத்தில் சில மாதங்களில் வற்றும். ஊசி கழற்ற முடியாத வால்வில் ஊற்றவும் முடியாது. டியூப்லெஸ் நல்லதுதான். அதிலும் பெரிய கிழிசலுக்கு டியூப் போட்டாக வேண்டும். அந்த டியூபும் பொருந்த வேண்டும்.

சரி, பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

உங்கள் டயரின் அளவு எழுதிய டியூப் ஒன்று. ஒட்டுத் துண்டுகள், உப்புத்தாள், திறக்காத சொல்யூஷன். பிளாஸ்டிக் லிவர் இரண்டு. உங்கள் வால்வைப் பிடிக்கும் பம்ப். அடாப்டர். நட்டு வண்டியென்றால் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர். முன் அச்சுக்கு வேறு அளவாக இருக்கக்கூடும், வைத்துப் பாருங்கள். கம்பி, முள் பிடுங்கச் சாமணம். பம்புக்குப் பதிலாக டியூபை நிரப்பும் கரியமில வாயுப் புட்டிகளை நான் சேர்ப்பதில்லை. ஒரு முறை தவறவிட்டால் தீர்ந்தது, பம்புக்கு அந்தக் கவலை இல்லை.

எல்லாவற்றையும் வைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து, நல்ல பின் சக்கரத்தின் காற்றை நீங்களே இறக்கிவிட்டு, பையில் உள்ளதை மட்டும் கொண்டு டியூபை மாற்றுங்கள். வீட்டுக்குள் போய் எதையும் எடுத்து வரக்கூடாது. நின்று அடிக்கும் பெரிய பம்பும் தடை. எது குறைகிறது என்று அப்போது தெரியும். கடை பக்கத்துத் தெருவில் இருக்கும்.

வீட்டில் இரண்டு வண்டி. இரண்டுக்கும் ஒரே பை போதுமா?

பம்ப், லிவர், ஒட்டுச் சாமான் ஒன்று போதும். டியூப் தனித்தனி. ஒவ்வொரு டியூபின் மேலும் அழியாத பேனாவால் 622, 559 என்று பெரிதாக எழுதி, எந்த வண்டிக்கு என்பதையும் எழுதுங்கள். வண்டியை விற்றால் டியூபையும் அதோடு கொடுத்துவிடுங்கள்.